படத்தை யார் பார்த்தார்?

பிள்ளைகளின் கலையார்வத்தைக் கைப்பேசி கெடுத்துவிட்டது என்னும் முறையீடு இன்று நம்மவரிடையே ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. மணவிழாப் பந்தியிலும், பள்ளி ஆண்டுவிழாவிலும், பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும் வேளையிலும் இதே புலம்பல்தான். "முன்பெல்லாம் அருமையாக வரைவான், கைப்பேசி கைக்கு வந்தபின் தூரிகையைத் தொடுவதேயில்லை" என்பார் ஒரு தந்தை. "பாட்டு வகுப்புக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாள், இப்போது எல்லாம் இதிலேயே இருக்கிறது என்கிறாள்" என்பார் ஒரு தாய். கேட்போர் தலையசைப்பர். இறுதியில் ஒரு தீர்ப்பும் வழங்கப்படும்: பறித்துப் பூட்டி வையுங்கள்! தீர்ப்பு உடனே கிடைத்துவிடுகிறது. வழக்கை விசாரித்தவர்தாம் எவருமில்லை.

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. இணையத்தால் தீங்கே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. தீங்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்வோம். ஆனால், வளர்ந்துவரும் கலைஞன் ஒருவனுக்கு நம் இல்லங்களில் கிடைக்காமற்போனது எது என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளாமலிருக்க, கைப்பேசியின்மேற் பழிபோடுவது நமக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. அந்த வசதியைத்தான் இங்குக் கலைக்க விரும்புகின்றோம்.

இணையம் வருமுன் நம் ஊர்ப் பிள்ளைகள் எந்த ஓவியங்களைக் கண்டு வளர்ந்தார்கள்? சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் இடம்பெற்ற சிலரை விட்டுவிடுவோம். கடல் கடந்து சென்று அருங்காட்சியகங்களைக் கண்டு மீளும் வசதி படைத்தோரையும் விட்டுவிடுவோம். ஏனையோருக்கு வாய்த்தது சுவரில் தொங்கிய நாட்காட்டி ஒன்றே. அந்த நாட்காட்டியை நாம் இகழவில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே நாடெங்கும் பரவின. அவற்றின்மீது கட்டங்கள் வரைந்து, கட்டம் கட்டமாகப் பார்த்தெழுதிக் கைப்பழக்கம் பெற்ற சிறுவர் எத்தனையோ பேர். நம் இல்லங்களில் அதே இடத்தில் இயேசுவின் திரு இருதயப் படம் தொங்கியது, வேறுபாடு அவ்வளவே. ஆயினும் நாட்காட்டி என்பது ஆண்டுக்கு ஒன்று. பன்னிரண்டு மாதமும் கண்ணெதிரே அதே படம். அடுத்ததைக் காண அடுத்த சனவரி வரவேண்டும்.

இன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். 2014-ஆம் ஆண்டில் ஒரு ஜிகாபைட் தரவின் விலை ஏறக்குறைய 270 ரூபாய் என்றும், 2018-இல் அது 12 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது என்றும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குக் கூறுகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் களமிறங்கியதும் மூண்ட விலைப்போட்டியே இதற்குப் பெருங்காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் உலகின் பேரருங்காட்சியகங்களும் தம் கருவூலங்களைத் திறந்துவைத்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை, எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று அறிவித்து வெளியிட்டது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'இரவுக் காவல்' ஓவியத்தை 71,700 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022 சனவரியில் இணையத்தில் வைத்தது. 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்ட அவ்வோவியத்தை நேரில் காணச் செல்பவர் எட்டி நின்றே பார்க்க இயலும். நம் ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் சிறுவனோ, அதிலுள்ள ஒரு வீரனின் கண்மணியில் ரெம்பிராண்ட் வைத்த வெள்ளைப் பொட்டையும், அதன்மேல் ஓடும் வண்ண வெடிப்பையும் விரலால் விரித்துக் காணலாம். உரோமைக்குத் திருப்பயணம் சென்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்: புனித லூயி ஆலயத்தின் மங்கலான பக்கச் சிற்றாலயத்தில், நாணயமிட்டு விளக்கெரிய வைத்துத்தான் காரவாஜ்ஜோவின் 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தைப் பலகாலம் மக்கள் கண்டு வந்தனர். விளக்கு அணைவதற்குள் பார்த்து முடிக்க வேண்டும்! அதே ஓவியத்தை இன்று ஒரு மீனவர் மகன் இரவெல்லாம் பார்த்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக ஏழைக்கு மறுக்கப்பட்டிருந்த ஒன்று அவன் கைக்கு வந்திருக்கிறது. இதைப் பறிக்கச் சொல்பவர் எதைப் பறிக்கச் சொல்கிறோம் என்பதை அறிந்துதான் சொல்கிறாரா?

பறிக்கும்போதும் எல்லாரிடமிருந்தும் ஒரேபோல் பறிப்பதில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காட்டினர். பெண்கள் 33 விழுக்காட்டினரே. வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அது அண்ணனுடையது. தங்கைக்கு அவன் உறங்கியபின் கிடைத்தாற் கிடைக்கும். மகளிர் விடுதிகளில் நடப்பது நாமறியாததன்று. கேரளத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதி, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவியர் கைப்பேசியைத் தொடலாகாது என்று விதித்தது. படிப்பதற்குக் கிடைக்கும் நேரமே அதுதான் என்று மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் தனிமனித அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஒழுக்கம் என்ற பெயரால் நாம் போடும் பூட்டுகளில் எத்தனை பெண்பிள்ளைகளின் கதவில் மட்டும் தொங்குகின்றன என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஆயின், கதவு திறந்தவுடன் பிள்ளை கலைஞனாகிவிடுவானா? இல்லை. இணையமே போதிய குரு என்று முழங்குவோரையும் நாம் நம்புவதற்கில்லை. அந்த மூன்றே முக்கால் இலட்சம் படங்களில் ஒன்றைக் காண வேண்டுமென்றால் அதன் பெயரைத் தெரிந்து கேட்க வேண்டும். ரெம்பிராண்ட் என்ற ஒருவர் இருந்தார் என்று எவரேனும் சொல்லியிருந்தாலன்றி எந்தச் சிறுவனும் அவரைத் தேடப்போவதில்லை. கேட்காதவனுக்குத் திரை தானாகக் கொண்டுவந்து கொட்டுவது வேறு: நேற்று எதன்மேல் அவன் கண் சற்று நின்றதோ அதையே இன்று நூறு மடங்காக்கிக் கொடுக்கும். சப்பானியக் கேலிப்பட முகம் ஒன்றை அவன் ஒருநாள் விரும்பினால், ஆறுமாதம் அதே அகன்ற கண்களும் அதே கூரிய மோவாயும் வந்துகொண்டேயிருக்கும். பரந்த நூலகத்தின் நடுவே நின்றும் பழைய நாட்காட்டிக்கே அவன் திரும்பிவிட்டான் என்று கொள்ளலாம்.

இவ்விடத்தில் வரலாற்றில் நடந்த ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1580-இல் அருளாளர் ருடோல்ஃபோ அக்வவீவா முதலிய இயேசு சபைக் குருக்கள் ஃபத்தேப்பூர் சிக்ரியில் அக்பரின் அவையை அடைந்தபோது, ஆன்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தை அரசருக்குக் கையுறையாக அளித்தனர். அதிலும், அவர்களுக்குப் பின் வந்தோர் கொணர்ந்த தாள்களிலும் இருந்த செதுக்குப் படங்கள் முகலாய ஓவியக் கூடத்தில் கைமாறிக் கைமாறி உலவின. ஐரோப்பாவைக் கண்ணாற் கண்டிராத ஓவியர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தார்கள். அவர்களுள் ஒருவன் சிறுவன். பெயர் அபுல் ஹசன். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1511-இல் செதுக்கிய சிலுவைக் காட்சியில், சிலுவையடியில் கைகோத்து நின்று கதறும் புனித யோவானை மட்டும் அவன் தனியே எடுத்து வரைந்தான். ஆண்டு 1600, அவனுக்கு வயது பதின்மூன்று. அச்சிறு படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒற்றைத் தாள் ஒரு சிறுவனுக்கு எதைச் செய்ய முடியும் என்பதற்கு அதனினும் நல்ல சான்று நாமறியோம். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அதுவே அவனுடைய இணையம்!

ஆனால் தாள் மட்டுமா அவனை ஆக்கியது? அவன் தந்தை ஆகா ரிசாவும் ஓவியர். தூரிகை பிடிப்பதும் வண்ணம் அரைப்பதும் வீட்டிலேயே இருந்தன. தந்தை பணியாற்றியது இளவரசர் சலீமிடம். அவரே பின்னாளில் சகாங்கீர் என்னும் பேரரசர். அச்சிறுவனை இளமைதொட்டுத் தாம் பேணி வந்ததையும், தந்தையை விஞ்சியவனாக அவன் வளர்ந்ததையும் தம் நினைவுக் குறிப்பில் அப்பேரரசர் பெருமையோடு எழுதியிருக்கிறார். 'காலத்தின் அற்புதம்' என்று பொருள்படும் பட்டத்தை 1618-இல் அவனுக்கு வழங்கினார். பலர் கூடி வரைந்த படமொன்றில் கண் யாருடைய கை, புருவம் யாருடைய கை என்பதைப் பிரித்தறியத் தம்மால் முடியும் என்றும் அவர் எழுதிவைத்துள்ளார். அரசருக்குரிய தற்பெருமையைச் சற்றுக் கழித்துவிட்டே இதைக் கொள்வோம். கழித்தபின்னும் ஓர் உண்மை மிஞ்சுகிறது: அச்சிறுவன் வரைந்ததை உற்றுப் பார்க்க ஒரு கண் இருந்தது. இந்த மாதம் பார்த்தது, மூன்று ஆண்டு கழித்தும் பார்த்தது, முந்தியதோடு ஒப்பிட்டது.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். பிள்ளை ஒரு படம் வரைந்து கொண்டுவந்து காட்டுகிறான். நாம் என்ன செய்கிறோம்? "நன்றாக இருக்கிறது, போய்ப் படி" என்கிறோம். இது நல்ல இல்லத்தில். மற்ற இல்லங்களில் "இது சோறு போடுமா?" என்று கேட்கிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் வண்ணப்பெட்டி பரணுக்குப் போகிறது. விருந்தினர் வந்தால் மட்டும் "எங்கள் பையன் நன்றாக வரைவான்" என்று பழைய தாளொன்றை எடுத்து நீட்டுகிறோம். அவன் அதன்பின் வரைந்த நாற்பது படங்களை நாமே பார்த்ததில்லை. பாடுகிற பிள்ளைக்கும் இதே கதிதான். திருவிழா மேடையில் ஒரு பாட்டு, கைத்தட்டல், சால்வை, முடிந்தது. எந்தச் சுரத்தில் தடுமாறினாள் என்று எவர் சொன்னார்?

அந்தப் பிள்ளைதான் ஓர் இரவு தன் படத்தை இணையத்தில் இடுகிறான். ஐந்து நிமிடத்தில் பதினெட்டுப் பேர் விருப்பம் தெரிவிக்கின்றனர். யாரென்றே தெரியாத பதினெட்டுப் பேர்! வீட்டிலிருந்த நால்வர் தராத பார்வையை அவர்கள் தந்ததாக அவனுக்குப் படுகிறது. அவர்கள் உண்மையில் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தட்டிவிட்டுக் கடந்து போனார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பசித்தவன் தவிட்டையும் உண்பான். எண்ணிக்கை என்னும் தவிடு அவனுக்கு இனித்தது என்றால், அவனைப் பசியோடு வைத்திருந்தவர் யார்? நம் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கிறது. ஆதலின் கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர், சாட்சிக் கூண்டில் முதலில் தாம் ஏற வேண்டும்.

எண்ணிக்கைக்காக வரையத் தொடங்கியவனுக்கு நேர்வது கொடுமைதான். இதை மறுக்க மாட்டோம். படங்களுக்கென்றே 2010-இல் பிறந்த இன்ஸ்டாகிராம் தளத்தை நம்பி உலகெங்கும் ஓவியர்கள் தம் படைப்புகளை அங்கே குவித்தனர். 2021 சூனில் அதன் தலைவரே, இனித் தம்முடையது படம் பகிரும் தளம் மட்டுமன்று என்று அறிவித்துக் காணொளியின் பக்கம் திரும்பிவிட்டார். அதன்பின் ஓவியன் வரைந்தால் மட்டும் போதவில்லை. வரைவதை ஒரு நிமிடப் படமாக்கி, பின்னணியில் அவ்வாரத்துப் பாட்டொன்றைச் சேர்த்து நடித்துக் காட்டவும் வேண்டியதாயிற்று. ஒரு மாதம் ஆறப்போட்டு மீண்டும் தொட வேண்டிய ஓவியத்துக்கு அந்தச் சந்தையில் இடமேது? டிக்டாக் செயலியின் கதை இன்னும் திடுக்கிட வைப்பது. ஏறக்குறைய 20 கோடி இந்தியர் அதைப் பயன்படுத்தினர். சிற்றூர்களிலிருந்து ஆடியும் பாடியும் நடித்தும் பெயர்பெற்றோர் அவர்களுள் பலர். 2020 சூன் 29 அன்று அரசு அதைத் தடைசெய்தது. தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. ஓர் இரவில் அவர்களுடைய மேடையும் அவையும் மறைந்தன என்பதே இங்கு நாம் கருதுவது. அந்த அவை அவர்களுடையதாக என்றுமே இருந்ததில்லை.

இதற்கு மேலும் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2022-இல் வெளியான ஒரு தரவுத் தொகுப்பில், இணையத்திலிருந்து திரட்டிய ஏறக்குறைய 585 கோடிப் படங்களின் முகவரிகளும் விளக்கங்களும் இருந்தன. படங்களை வரைந்தோரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. அவ்வகைத் தொகுப்புகளைக் கொண்டு பயிற்றப்பட்ட பொறிகள் இன்று கேட்டவுடன் படம் தருகின்றன. 2023 சனவரியில் அமெரிக்க ஓவியர் சிலர் இதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினர். கையால் வரைந்து பழக வேண்டிய வயதில், ஒரு வரி எழுதினாற் படம் வந்துவிடும் என்று அறிந்த பிள்ளைக்கு, ஆயிரம் கோடுகளைப் பிழையாகப் போட்டுப் பழகும் பொறுமையை யார் ஊட்டுவது? பொறி ஊட்டாது. அதைச் செய்ய ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு நாம் எவ்வளவு மதிப்பளிக்கிறோம் என்பதையும் பார்த்துவிடுவோம். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி முதலிய பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். பின்னர் ஊதியம் சிறிது சிறிதாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காக அவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்கள் நின்றபோது, கைப்பேசியால் கலை அழிகிறது என்று கவலைப்படும் பெற்றோர் எத்தனை பேர் உடன் நின்றனர்? அரசு சாராப் பள்ளிகளின் நிலை இதைவிட மேல் என்று எவரும் மார்தட்ட வேண்டா. ஓவிய வேளை என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்வார். பெற்றோர் மகிழ்வர். நாமும் அப்பெற்றோரே.

"எங்களுக்கு ஓவியம் தெரியாதே, ஐயா, பார்த்து என்ன சொல்வது?" என்று கேட்பீர்கள். சகாங்கீருக்கும் தூரிகை பிடிப்பது தொழிலன்று. பார்த்துப் பார்த்தே அவர் பார்வை கூர்மையடைந்தது. இந்தக் கை மற்றதைவிட ஏன் பெரிதாக இருக்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். விளக்கு இந்தப் பக்கம் இருக்க நிழல் ஏன் அதே பக்கம் விழுகிறது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். பொய்யான புகழை அவனுக்கு இணையம் போதுமான அளவு தருகிறது. ஒவ்வொரு தாளின் பின்னும் நாள் குறித்து ஒரு பெட்டியில் அடுக்கி வையுங்கள். ஆறுமாதத்துக்கு ஒருமுறை அவனோடு அமர்ந்து எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். கைப்பேசியும் அருகில் இருக்கட்டும். அதைத் தனியே ஓர் அறைக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்கு அது ஒன்றாகிறது. தாயின் பக்கத்தில் அமர்ந்து இருவரும் சேர்ந்து ஓர் ஓவியத்தை விரித்துப் பார்க்கும்போது அதே கருவி வேறொன்றாகிறது. பெயர்களை நீங்களும் அவனோடு சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். நம் நாட்டுப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர் சிலர் சென்னைக்கு வெளியே கடலோரத்தில் மணல்வெளியை வாங்கி, கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை எழுப்பினார்களே, ஓவியம் சோறு போடுமா என்று கேட்போருக்கு அவர்கள் வரலாற்றைப் படித்துக் காட்டலாம்.

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில் ஒரு குடைவரைக் கோயிலின் கூரையில், தாமரைக் குளமொன்றை ஓராயிரம் ஆண்டுக்கும் முன்பே யாரோ தீட்டிவைத்திருக்கிறார்கள். யானையும் மீனும் பறவையும் அதில் உண்டு; மலர் கொய்யும் மனிதரும் உண்டு. பெரும்பகுதி மங்கிவிட்டது. அம்மாவட்டத்தில் வாழும் வரையும் பிள்ளைகளின் கைப்பேசியில் அது தானாக வந்து நிற்பதில்லை, தேடினால் கிடைக்கும். தேடிப் பார்த்தபின், ஒரு சனிக்கிழமை அவர்களை நேரிலேயே அழைத்துச் செல்லுங்கள். அன்னவாசல் செல்லும் பேருந்து அவ்வழியாகப் போகிறது. அண்ணாந்து பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்து வலிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். பையில் ஒரு வரைபுத்தகமும் இரண்டு பென்சிலும் இருக்கட்டும், ஒன்று உங்களுக்கு.